எஸ்எஸ்எச்ல பிழையான பாஸ்வேர்ட் அடிக்கிற ஐபிகளை ஃபெயில்2பேன் பிளொக் பண்ணுதே இல்ல, எங்க பிழை விட்டிருக்கிறன்?

அலைகரை (வெள்ளவத்தை), செவ்வாய் காலமை 9.05

வணக்கம் எல்லாருக்கும். ரெண்டு நாளா மண்டை காயுது, அதான் இங்க கேக்கிறன். புறக்கோட்டையில ஒரு இரும்புச் சாமான் மொத்த வியாபாரக் கடை, அவையின்ர ஸ்டொக், பில் எல்லாம் ஒரு வெப் அப்ல ஓடுது, அந்தச் சேர்வரை நான்தான் பாக்கிறன். சிங்கப்பூர்ல இருக்கிற ஒரு விபிஎஸ் (வாடகைச் சேர்வர்), உபுண்டு 20.04 லினக்ஸ், எஸ்எஸ்எச் எண்ட வழியாலதான் தூர இருந்து அதுக்குள்ள போறனான். ஞாயிற்றுக்கிழமை சும்மா ஓத் லொக்கை (ஆர் ஆர் உள்ள வரப் பாத்தது எண்ட பதிவு) திறந்து பாத்தா பக்கம் பக்கமா ஃபெயில்ட் பாஸ்வேர்ட், ஃபெயில்ட் பாஸ்வேர்ட் எண்டு ஓடிக்கொண்டே இருக்கு. ரூட், அட்மின், உபுண்டு, டெஸ்ட், ஒரக்கிள், போஸ்ட்கிரெஸ் எண்டு ஒவ்வொரு பேரா அடிச்சுப் பாக்கிறாங்கள். ஒரு ராவில மட்டும் எண்ணிப் பாத்தன், 14 ஆயிரத்துக்கு மேல.

பயந்துபோய் முதல் கையாலயே பிளொக் பண்ணத் தொடங்கினன். ராத்திரி 2 மணி மட்டும் இருந்து யுஎஃப்டபிள்யு எண்ட பயர்வோல்ல ஒவ்வொரு ஐபியா டினை (தடை) போட்டன், கிட்டத்தட்ட 60 ஐபி. ஆனா காலமை பாத்தா நான் டினை போட்ட அதே ஐபிகள் திரும்பவும் லொக்ல நிக்குது! அது எப்பிடி வரும் எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்ல.

பிறகு ஃபெயில்2பேன் போட்டன், லொக்கைப் பாத்துப் பிழையாத் தட்டுற ஐபியைத் தானா பிளொக் பண்ணுற புரோகிராம். அதின்ர கொன்ஃபிக் ஃபைல் ஜெயில் டொட் லோக்கல்ல எஸ்எஸ்எச்டி ஜெயிலை (எஸ்எஸ்எச்சுக்கான விதி) ஒன் பண்ணி, மேக்ஸ்ரிட்ரை 3, ஃபைன்ட்டைம் 10 நிமிசம், பேன்டைம் 1 மணித்தியாலம் எண்டு குடுத்தன், அதாவது 10 நிமிசத்துக்குள்ள 3 தரம் பிழைச்சா 1 மணித்தியாலம் தடை. நல்லா இறுக்கமா இருக்கட்டும் எண்டு பேன்அக்ஷனை ஐபிடேபிள்ஸ் ஓல்போர்ட்ஸ் எண்டு மாத்தினன். சேர்விஸ் பச்சையா ஓடுது, ஒரு எரரும் இல்ல. ஆனா ஸ்டேட்டஸ் கேட்டா டோட்டல் ஃபெயில்ட் 0, டோட்டல் பேன்ட் 0. நாலு தரம் ரீஸ்டார்ட் பண்ணிட்டன். அதே நேரம் ஃபெயில்2பேன் ரெஜெக்ஸ் எண்டு ஒரு டெஸ்ட் கொமாண்ட் இருக்குத்தானே, அதை அதே லொக் ஃபைல்ல ஓட்டினா 14,206 வரி மட்ச் ஆகுது எண்டு சொல்லுது. டெஸ்ட்ல பிடிக்கிறதை ஏன் உண்மையில பிடிக்குதில்ல?

இப்ப நேரம் காலமை 8.45 இருக்கேக்க பாத்த கடைசி வரியைச் சொல்லுறன், 03:15:08, இன்வேலிட் யூசர் ஒரக்கிள் எண்டு கிடக்கு. சேர்வர் சிங்கப்பூர்ல இருக்கிறதால நேரம் அப்பிடிக் காட்டுதாக்கும்.

கடைக்காரர் என்னை நம்பித்தான் மூண்டு வருசக் கணக்கை இதில வச்சிருக்கிறார். ஆராவது தெரிஞ்சவை சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை_லினக்ஸ், செவ்வாய் காலமை 9.31

தம்பி முதல்ல பயப்படாதீங்க, பப்ளிக் ஐபியில எஸ்எஸ்எச்சோட போர்ட் 22 திறந்திருந்தா உலகத்துல எந்த சேர்வருக்கும் இது வரும், உங்கள மட்டும் தேடி வந்தது இல்ல. அதெல்லாம் மெஷின் ஓட்டுற ஸ்கேன், ஐபி ரேஞ்சை வரிசையா தட்டிட்டே போகும்.

நீங்க கையால போட்ட டினை ஏன் வேலை செய்யலன்னு எனக்குத் தெரியும், நானும் அதே தப்பைப் பண்ணியிருக்கேன். யுஎஃப்டபிள்யு ரூல்ஸை மேல இருந்து கீழ படிக்கும், முதல்ல எது பொருந்துதோ அதோட நின்னுடும். உங்க லிஸ்ட்ல முதலாவது ரூல் 22ஐ எல்லாருக்கும் அலவ்னுதான் இருக்கும், நீங்க போட்ட அறுபதும் அதுக்குக் கீழ போய் சேர்ந்திருக்கும். அந்த ஐபி வரும்போது முதல் ரூல்லயே உள்ள விட்டுடுது, உங்க டினை வரைக்கும் வந்து சேரவே சேராது. ஸ்டேட்டஸ் நம்பர்ட்னு அடிச்சுப் பாருங்க, வரிசை தெரியும். டினை போடுறதா இருந்தா இன்சர்ட் 1ன்னு சேர்த்துப் போடணும், அப்பதான் உச்சியில போய் நிக்கும்.

ஃபெயில்2பேன் சரி வரலன்னா யுஎஃப்டபிள்யுலயே லிமிட்னு ஒண்ணு இருக்கு. அலவ்க்குப் பதிலா லிமிட்னு போட்டா ஒரே ஐபி 30 செக்கனுக்குள்ள 6 தடவையோ அதுக்கு மேலயோ வந்தா தானா வெட்டிடும், வேற எதுவும் இன்ஸ்டால் பண்ணத் தேவையில்ல. அதோட போர்ட்டையும் 22ல இருந்து வேற ஏதாவதுக்கு மாத்துங்க, லொக் பாதி அடங்கிடும்.

பழைய_சிசாட்மின் (தெஹிவளை), செவ்வாய் காலமை 10.20

அலைகரை தம்பி, பதில் உங்கட கேள்விக்குள்ளயே கிடக்கு, அதைச் சிங்கப்பூர் தலையில போட்டுட்டீங்கள். சிங்கப்பூர் எங்களை விட ரெண்டரை மணித்தியாலம் முன்னுக்கு நிக்குது. உங்கட லொக் சிங்கப்பூர் நேரத்தில இருந்தா 8.45க்கு 11.15 எண்டு காட்ட வேணும். ஆனா காட்டுறது 3.15. கழிச்சுப் பாருங்கோ, சரியா அஞ்சரை மணித்தியாலம். அதாவது லொக் யுடிசியில (உலகப் பொது நேரம்) எழுதப்படுது.

இப்ப டேட் எண்டு கொமாண்ட் அடிச்சுப் பாருங்கோ. அது கொழும்பு நேரத்தைக் காட்டினா பிழை பிடிபட்டுது. ஓத் லொக்ல ஒவ்வொரு வரியிலயும் நேரம் மட்டும்தான் இருக்கு, எந்த டைம்சோன் எண்டு எழுதிறதில்ல, அதால ஃபெயில்2பேன் அதைச் சேர்வரின்ர சொந்த நேரம் எண்டுதான் எடுக்கும். சேர்வர் 8.45 எண்டு நினைச்சுக்கொண்டிருக்க லொக்ல 3.15 எண்டு ஒரு வரி வருது. ஃபெயில்2பேன் பாக்கும், ஓ இது அஞ்சரை மணித்தியாலத்துக்கு முந்தின கதை, என்ர ஃபைன்ட்டைம் 10 நிமிசம் தானே, இது எனக்குத் தேவையில்ல எண்டு விட்டிடும். அடுத்த வரியும் அப்பிடித்தான், 14 ஆயிரம் வரியும் அப்பிடித்தான். ரெஜெக்ஸ் டெஸ்ட் பண்ணேக்க அது வரியின்ர எழுத்து பொருந்துதா எண்டுதான் பாக்குது, அந்த வரி ஃபைன்ட்டைமுக்குள்ள வருதா எண்டு பாக்கிறதில்ல, அதான் அங்க எல்லாம் மட்ச் ஆச்சு. டெஸ்ட்ல பிடிச்சு ஜெயில்ல டோட்டல் ஃபெயில்ட் பூச்சியம் எண்டு வந்தா நான் முதல்ல பாக்கிறது மணிக்கூட்டைத்தான்.

உபுண்டு 20.04ல வாற 0.11.1 வெர்ஷன் இதைச் சத்தம் போடாமச் செய்யும். புது வெர்ஷன்கள் டைம்சோன் பிரச்சினை போலக் கிடக்கு எண்டு லொக்ல வார்னிங் எழுதி, அந்த வரியை இப்ப நடந்த மாதிரி எடுத்துக்கொள்ளும்.

என்ர ஊகம், நீங்கள் இடையில எப்பவோ டைம்சோனை மாத்தியிருக்கிறீங்கள், பிறகு சேர்வரை ரீபூட் பண்ணேல்ல. லொக் எழுதுறது ஆர்சிஸ்லொக் எண்ட சேர்விஸ். அது ஸ்டார்ட் ஆகேக்க என்ன டைம்சோன் இருந்ததோ அதையே பிடிச்சுக்கொண்டு ஓடும், நீங்கள் மாத்தினது அதுக்குத் தெரியாது. ஃபெயில்2பேன் பிறகு போட்டதால அது புது நேரத்தில ஓடுது. ஒரே மெஷினுக்குள்ள ரெண்டு மணிக்கூடு. ஆர்சிஸ்லொக்கை ரீஸ்டார்ட் பண்ணுங்கோ, பிறகு ஃபெயில்2பேனை ரீஸ்டார்ட் பண்ணுங்கோ, அஞ்சு நிமிசம் பொறுத்து ஸ்டேட்டஸ் பாத்துச் சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை சொன்ன ரூல் வரிசை நூற்றுக்கு நூறு சரி. ஆனா லிமிட் விசயத்தில ஒண்டு சொல்லவேணும், அது பிழைச்ச லொகினை எண்ணுறதில்ல, கனெக்ஷனை எண்ணுது. சரியான பாஸ்வேர்ட் போட்டு உள்ள வாறவனும் அதுக்கு ஒண்டுதான். ஆர்சிங்க் எண்ட ஃபைல் கொப்பி பண்ணுற ஸ்கிரிப்ட் ஒண்டு வரிசையா ஏழெட்டு ஃபோல்டரை இழுத்தா உங்கட சொந்த வேலையே அறுந்துபோம். மற்றப் பக்கம், நிமிசத்துக்கு ஒரு தரம் மெல்லமா தட்டுறவன் அதில மாட்டவே மாட்டான். ஒண்டும் இல்லாத இடத்தில லிமிட் நல்லது. லொக்கைப் படிச்சு முடிவெடுக்கிற ஆள் ஃபெயில்2பேன்தான்.

அலைகரை (வெள்ளவத்தை), செவ்வாய் காலமை 11.02

அண்ணை!! கை எடுத்துக் கும்பிடுறன். டேட் கொமாண்ட் கொழும்பு நேரம் காட்டிச்சுது, லொக் யுடிசி. நீங்கள் சொன்ன மாதிரியேதான், மூண்டு கிழமைக்கு முதல் டைம்சோனை மாத்தினனான், ஏனெண்டா கடையில விடிய 5 மணிக்கு லொறிக்குச் சாமான் ஏத்தேக்க போடுற பில்லில எல்லாம் முதல்நாள் திகதி விழுந்து கணக்குப் பிள்ளை ஒவ்வொரு நாளும் சண்டை. டைம்டேட்சிடிஎல்ல ஏசியா கொழும்பு எண்டு மாத்தின உடன பில் திகதி சரியாச்சு, நானும் அதோட விட்டிட்டன். ரீபூட் பண்ணி எப்பிடியும் எட்டு மாசம் இருக்கும்.

ஆர்சிஸ்லொக் ரீஸ்டார்ட் பண்ணி, ஃபெயில்2பேன் ரீஸ்டார்ட் பண்ணி, 10 நிமிசம் கழிச்சுப் பாக்கிறன், 41 ஐபி உள்ள! ஸ்கிரீனைப் பாத்துக்கொண்டே இருந்தன், ஒண்டொண்டா ஏறுது. எவ்வளவு நிம்மதி எண்டு சொல்லத் தெரியேல்ல. கையால போட்ட அறுபது ரூலையும் அழிச்சிட்டன்.

அலைகரை (வெள்ளவத்தை), புதன் பகல் 12.40

திரும்பவும் நான்தான். இண்டைக்குக் காலமை நடந்ததைச் சொன்னா இன்னும் நெஞ்சு படபடக்குது. 9 மணி போல 101 பஸ்ஸில காலி வீதியால போய்க்கொண்டிருக்கிறன், கொள்ளுப்பிட்டி தாண்டேல்ல, முதலாளி கோல் எடுக்கிறார். கடையில ஒரு கொம்பியூட்டர்லயும் பில் ஸ்கிரீன் திறக்குதில்லையாம், வாசல்ல ரெண்டு லொறி நிக்குதாம், பொடியங்கள் கையால பில் எழுதுறாங்களாம். நான் போன்ல டேட்டாவில திறந்து பாத்தா சைட் நல்லா வேலை செய்யுது! கடைக்கு மட்டும்தான் இல்ல.

அப்பதான் பொறி தட்டிச்சுது. போன்ல இருந்த எஸ்எஸ்எச் அப்பால உள்ள போய்ப் பாத்தன், பேன்ட் லிஸ்ட்ல கடையின்ர ஐபி நிக்குது. பஸ்ஸில நிண்டுகொண்டே அன்பேன்ஐபி கொமாண்டை ஒரு கையால அடிச்சு எடுத்துவிட்டன். பிறகு கடைக்குப் போய்த் தேடிப் பாத்தா, கணக்குப் பகுதி கொம்பியூட்டர்ல பின்னால ஒரு எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்எச் வழியால ஃபைல் எடுக்கிற) புரோகிராம் ஓடுது, ராவில எடுக்கிற பேக்கப் ஃபைலை இறக்கிறதுக்கு நான்தான் போன வருசம் போட்டுக் குடுத்தது. ஞாயிற்றுக்கிழமை பயத்தில பாஸ்வேர்டை மாத்தினனான் எல்லோ, அதில மாத்த மறந்துபோனன். அது இண்டைக்குக் காலமை ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா பழைய பாஸ்வேர்டைத் தட்டிக்கொண்டு இருந்திருக்கு. மூண்டாவது தரத்தோட கடை முழுக்க வெளியால.

ரெண்டு கேள்வி. எஸ்எஸ்எச் பிழைச்சதுக்கு ஏன் வெப்பும் சேந்து போச்சு? இனி இப்பிடி வராம இருக்க என்ன செய்யவேணும்? கடையின்ர ஐபியை நிரந்தரமா விலக்கி விடலாமா?

மூண்டாம்மாடி (பம்பலப்பிட்டி), புதன் பின்னேரம் 3.15

தம்பி, நான் இவ்வளவு நேரமும் வாசிச்சுக்கொண்டுதான் இருந்தனான், இந்த இடத்தில எழுதாம இருக்க ஏலேல்ல, ஏனெண்டா இதே மாதிரி ஒரு ஒபிசையே நான் ஒரு நாள் முழுக்க வெளியால நிப்பாட்டியிருக்கிறன்.

முதல் கேள்விக்குப் பதில் உங்கட ஓல்போர்ட்ஸ். வழமையா எஸ்எஸ்எச்டி ஜெயில் பிளொக் பண்ணுறது எஸ்எஸ்எச் போர்ட்டை மட்டும்தான், மல்டிபோர்ட் எண்டு இருக்கிறது அதுக்குத்தான். நீங்கள் இறுக்கமா இருக்கட்டும் எண்டு ஓல்போர்ட்ஸ் ஆக்கினதால வெப்புக்கான 80, 443 போர்ட் எல்லாம் அந்த ஐபிக்கு மூடிச்சு. திரும்ப மல்டிபோர்ட்டுக்கு மாத்துங்கோ. அப்ப எஸ்எஃப்டிபி பிழைச்சாலும் பில் ஸ்கிரீன் ஓடும், ஒரு லொறியும் காத்துக்கொண்டு நிக்காது.

இன்னொண்டு, அந்த ஒரு ஐபிக்குப் பின்னால கடை முழுக்க இருக்கு. ரூட்டருக்கு உள்ள பத்து கொம்பியூட்டர் இருந்தாலும் சேர்வருக்கு எல்லாம் ஒரே ஆள்தான். இதை மறக்கவே கூடாது. மொபைல் டேட்டாவில இன்னும் மோசம், ஒரு பப்ளிக் ஐபிக்குப் பின்னால ஆர் ஆரெண்டே தெரியாத எத்தினையோ பேர் இருக்கலாம். போன்ல ஐபி பாக்கேக்க 100.64ல இருந்து 100.127க்குள்ள ஒரு நம்பர் வந்தா அதுதான், கம்பனியே உள்ளுக்குள்ள பங்கு போட்டுக் குடுக்கிற ஐபி. உங்கட விற்பனைப் பொடியங்கள் வெளியூர்ல இருந்து போன்ல ஓர்டர் போடுறவை எண்டா, வெப் லொகினுக்கு ஐபியை வச்சு பிளொக் பண்ணுற ஜெயில் போடாதீங்கோ. ஆரோ ஒருத்தர் பிழையா அடிச்சதுக்கு உங்கட ஆள் மாட்டுவார். அங்க அந்த யூசர் எக்கவுண்டைக் கொஞ்ச நேரம் மெதுவாக்கிறதுதான் நல்லது, ரெண்டாவது பிழைக்கு அஞ்சு செக்கன், மூண்டாவதுக்கு அரை நிமிசம் எண்டு.

விலக்கி விடுறதுக்கு இக்னோர்ஐபி எண்டு ஒரு வரி இருக்கு. கடைக்கு ஸ்டேடிக் ஐபி காசு கட்டி எடுத்திருந்தா அந்த ஒரு ஐபியை மட்டும் போடுங்கோ. இல்லாட்டி கரண்ட் போய் வந்து ரூட்டர் ரீஸ்டார்ட் ஆனா ஐபி மாறும், நேற்று உங்களுக்கு இருந்த ஐபி இண்டைக்கு வேற ஆரிட்டயோ இருக்கும், நீங்கள் அவருக்குக் கதவைத் திறந்து வச்சிருப்பீங்கள்.

ஆனா தம்பி, உண்மையான மருந்து இது ஒண்டும் இல்ல. பாஸ்வேர்டால உள்ள வாறதையே நிப்பாட்டுங்கோ. உங்கட லப்டொப்ல ஒரு கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலா உள்ள விடுற ஃபைல் சோடி) செய்யுங்கோ, எட்25519 வகை, பப்ளிக் பாதியை சேர்வர்ல போடுங்கோ, கணக்குப் பகுதி புரோகிராமுக்கு வேற ஒரு கீ, வேற ஒரு யூசர், அந்த யூசருக்கு பேக்கப் ஃபோல்டர் மட்டும்தான் தெரியவேணும். பிறகு பாஸ்வேர்ட் ஓதென்டிகேஷனை நோ ஆக்குங்கோ. அதுக்குப் பிறகு 14 ஆயிரம் தரம் இல்ல, 14 லட்சம் தரம் அடிச்சாலும் அடிக்கிறதுக்கு ஒரு பாஸ்வேர்டே இல்ல.

இதில ஒரு குழி இருக்கு, நான் விழுந்த குழி. மெயின் கொன்ஃபிக் ஃபைல்ல நோ எண்டு போட்டு ரீஸ்டார்ட்டும் பண்ணி, வேலை முடிஞ்சுது எண்டு ரெண்டு மாசம் இருந்தன். பிறகு ஒரு நாள் வேற மெஷின்ல இருந்து போகேக்க பாஸ்வேர்ட் கேக்குது! தேடிப் பாத்தா சில விபிஎஸ் இமேஜ்ல எஸ்எஸ்எச்டி கொன்ஃபிக் டொட் டி எண்ட ஃபோல்டருக்குள்ள 50 கிளவுட் இனிட் எண்டு ஒரு குட்டி ஃபைல் இருக்கு, அதில ஒரே ஒரு வரி, பாஸ்வேர்ட் ஓதென்டிகேஷன் யெஸ். எஸ்எஸ்எச் கொன்ஃபிக்ல முதல்ல வாசிக்கிற வரிதான் எடுபடும், அந்த ஃபோல்டரை மெயின் ஃபைலின்ர உச்சியிலயே வாசிக்குது, அதால நான் கீழ எழுதின நோ சும்மா கிடந்திருக்கு. எழுதினதை நம்பாதீங்கோ. எஸ்எஸ்எச்டிக்கு மைனஸ் போட்டு பெரிய டி அடிச்சா உண்மையில என்ன ஓடுது எண்டு முழுக்கக் காட்டும், அதில நோ எண்டு இருக்கோணும்.

மாத்தேக்க இப்ப திறந்திருக்கிற செஷனை மூடாதீங்கோ. இன்னொரு டெர்மினல் திறந்து, கீயால உள்ள போய்ப் பாத்திட்டு, சரி எண்டாப் பிறகு பழையதை மூடுங்கோ. விபிஎஸ் கம்பனியின்ர வெப் கொன்சோல் லொகின் வேலை செய்யுதா எண்டும் முதலே பாத்து வையுங்கோ, அது எஸ்எஸ்எச் இல்லாமலே உள்ள விடும்.

கொட்டாஞ்சேனை_லினக்ஸ், புதன் பின்னேரம் 4.02

அக்கா சொன்ன கிளவுட் இனிட் ஃபைல் எனக்கும் புதுசு, இப்பவே என்னோட மூணு சேர்வர்லயும் பார்த்தேன், ஒண்ணுல யெஸ்னுதான் இருக்கு! ரொம்ப நன்றி அக்கா, சத்தியமா தெரியாம இருந்திருப்பேன்.

தம்பிட்ட ஒரு கேள்வி, உங்க வெப் அப் டொக்கர்ல (அப்பை கொன்டெய்னர்னு ஒரு தனிப் பெட்டிக்குள்ள ஓட்டுற முறை) ஓடுதா? ஓடுதுன்னா யுஎஃப்டபிள்யுல மூடியிருக்கேன்னு நினைக்கிற போர்ட் எல்லாம் உண்மையில திறந்துதான் இருக்கும். டொக்கர் வெளியிடுற போர்ட்டுக்கு வர்ற பக்கெட் இன்புட் செயின் (சேர்வருக்கே வர்றதைப் பார்க்கிற ரூல் வரிசை) வழியா போறதில்ல, ஃபோர்வர்ட் வழியா போயிடும், உங்க யுஎஃப்டபிள்யு ரூல்ஸ் அதைப் பார்க்கவே பார்க்காது. எங்க இடத்துல ஒரு டேட்டாபேஸ் போர்ட் அப்படி மாசக்கணக்கா வெளிய தெரிஞ்சுட்டு இருந்துச்சு.

பெரியவங்க யாராவது இதையும் சொல்லுங்க, எங்க ஒபிஸ்ல கணக்கு சொஃப்ட்வெயார் ஒரு வின்டோஸ் சேர்வர்ல இருக்கு, எல்லாரும் வீட்ல இருந்து ஆர்டிபில (வின்டோஸ் ரிமோட் டெஸ்க்டொப்) போறாங்க, அதோட போர்ட் 3389 நேரா வெளிய திறந்திருக்கு. அங்க ஃபெயில்2பேன் மாதிரி என்ன பண்றது?

அலைகரை (வெள்ளவத்தை), புதன் பின்னேரம் 4.30

ஓம் அண்ணா டொக்கர்தான், முன்னால 80, 443ல நிக்கிற வெப் சேர்வர் மட்டும் டொக்கருக்கு வெளியால ஓடுது. இப்ப வெளியால இருந்து ஸ்கேன் பண்ணிப் பாத்தன், டேட்டாபேஸின்ர (போஸ்ட்கிரெஸ்) போர்ட் 5432 திறந்து கிடக்கு. யுஎஃப்டபிள்யு ஸ்டேட்டஸ்ல டினை எண்டுதான் இருக்கு. கை நடுங்குது. என்ன செய்ய?

பழைய_சிசாட்மின் (தெஹிவளை), புதன் பின்னேரம் 4.41

உடன செய்யுங்கோ, மற்றதெல்லாம் பிறகு. டொக்கரின்ர கொம்போஸ் கொன்ஃபிக் ஃபைல்ல போர்ட்ஸ் எண்ட இடத்தில 5432:5432 எண்டு எழுதியிருப்பீங்கள், அதுக்கு முன்னால 127.0.0.1: எண்டு சேருங்கோ. அப்ப அந்தச் சேர்வருக்கு உள்ளால மட்டும்தான் போகலாம். வெப் கொன்டெய்னரும் டேட்டாபேஸும் ஒரே டொக்கர் நெட்வேர்க்ல இருந்தா போர்ட்ஸ் வரியே தேவையில்ல, அழிச்சிடுங்கோ. கொன்டெய்னரைத் திரும்ப எழுப்பி, போன் டேட்டாவில இருந்து ஸ்கேன் பண்ணிப் பாருங்கோ. டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் மாத்துங்கோ, போஸ்ட்கிரெஸ் லொக்ல தெரியாத ஐபி ஏதும் உள்ள வந்திருக்கா எண்டும் பாருங்கோ.

டொக்கருக்கு முன்னால ஃபெயில்2பேன் வச்சு பிளொக் பண்ணுறதா இருந்தா ஜெயில்ல செயின் எண்ட இடத்தில டொக்கர் யூசர் செயினைக் குடுக்கவேணும், இன்புட்ல போட்டா பிளொக் பண்ணினதா லிஸ்ட்ல காட்டும், ஆனா ஆள் உள்ள வந்துகொண்டுதான் இருப்பான். அதோட அந்தக் கொன்டெய்னர் லொக்கும் யுடிசியில இருக்கும் பாருங்கோ, நேற்றைய பிரச்சினை திரும்ப வரும். ஜெயில்ல லொக்டைம்சோன் எண்டு ஒரு வரி போட்டு யுடிசி எண்டு சொல்லிவிடலாம்.

கொட்டாஞ்சேனை, உங்கட ஆர்டிபி விசயம்தான் இந்தத் திரெட்லயே எனக்குப் பெரிய பயம். 3389ஐ இண்டைக்கே வெளியால மூடுங்கோ. ரான்சம்வேர்காரன் உள்ள வாற வழியில முதல் வரிசையில நிக்கிறது அதுதான். பிழைச்ச லொகின் எல்லாம் ஈவன்ட் வியூவர்ல செக்யூரிட்டிக்குள்ள 4625 எண்ட நம்பர்ல விழும், பில்டர் பண்ணிப் பாருங்கோ, எத்தினை எண்டு பாத்தா நீங்களே ஓடிப்போய் மூடுவீங்கள். எக்கவுண்ட் லொக்கவுட் பொலிசி போடலாம், பத்துத் தரம் பிழைச்சா பத்து நிமிசம் பூட்டுற மாதிரி, ஆனா அதை மட்டும் போட்டா வெளியால இருக்கிறவன் வேணுமெண்டே தட்டித் தட்டி உங்கட கணக்காளரைப் பூட்டி வைக்கலாம். விபிஎன்னுக்கு (கீ உள்ளவை மட்டும் போகக்கூடிய தனி வழி) பின்னால வையுங்கோ. வயர்கார்ட் எண்ட விபிஎன் போதும், யுடிபி 51820 ஒண்டுதான் திறக்கவேணும், சரியான கீ இல்லாமல் தட்டினா அது பதிலே சொல்லாது, அங்க ஏதோ இருக்கு எண்டே தெரியாது.

அலைகரை தம்பிக்கும் அதையே சொல்லுறன். உபுண்டு 20.04 கேர்னல்லயே வயர்கார்ட் இருக்கு. உங்கட லப்டொப், போன், கடையின்ர அந்த ஒரு கொம்பியூட்டர், மூண்டுக்கும் கீ குடுத்து எஸ்எஸ்எச்சை விபிஎன் ஐபிக்கு மட்டும் திறந்தா, கடையின்ர ஐபி மாறினா என்ன மாறாட்டி என்ன. இக்னோர்ஐபியில விபிஎன் ரேஞ்சைப் போட்டால் போதும். ஒரு இடத்தில ஐபி மாறுது எண்டு கம்பனியின்ர ரேஞ்சையே ஸ்லாஷ் 16ல போட்டிருந்ததை நான் கண்ணால கண்டன், 65,536 ஐபி, அதுக்குள்ள இருக்கிற எந்த வைரஸ் பிடிச்ச கொம்பியூட்டரும் எவ்வளவு தரமும் தட்டலாம்.

இன்னும் ரெண்டு செட்டிங். இப்ப ஒரு கூட்டம் ஒரு ஐபியில இருந்து ஒரு தரம் ரெண்டு தரம் தட்டிட்டு மணித்தியாலக் கணக்கா பேசாம இருந்து திரும்ப வருவாங்கள், 10 நிமிச ஃபைன்ட்டைம்ல அது அம்பிடாது. ஃபைன்ட்டைமை 1 நாளாக்குங்கோ, மேக்ஸ்ரிட்ரையை 5 ஆக்குங்கோ, மூண்டு மனுசருக்குக் காணாது, நாங்களே கேப்ஸ்லொக்கோட மூண்டு தரம் அடிப்பம். மற்றது பேன்டைம் டொட் இன்கிரிமென்ட் எண்டதை ட்ரூ ஆக்கினா திரும்பத் திரும்ப வாறவனுக்குத் தண்டனை ரெண்டு மடங்கா ஏறிக்கொண்டு போகும், 1 மணித்தியாலம், 2, 4, 8 எண்டு. மேக்ஸ்டைம் 1 கிழமை வையுங்கோ. தெரியாமப் பிழை விட்டவர் ஒரு மணித்தியாலத்தில வெளிய வருவார், வேணுமெண்டு வாறவன் கிழமைக் கணக்கா வெளியால நிப்பான்.

இந்தச் செட்டிங் போட்டாப் பிறகு நீங்களே போன் டேட்டாவில இருந்து வேணுமெண்டு இல்லாத ஒரு யூசர் பேரில அஞ்சு தரம் அடிச்சுப் பாருங்கோ. ஆறாவதுக்கு கனெக்ஷன் ரிஃப்யூஸ்ட் எண்டு வரவேணும். அப்ப திறந்திருந்த செஷனும் அந்த ஐபியில எண்டா சேந்து உறையும், பயப்படாம லப்டொப்ல இருந்து அன்பேன் பண்ணுங்கோ. இதைச் செய்து பாக்காம ஃபெயில்2பேன் ஓடுது எண்டு ஆரும் எனக்குச் சொன்னா நான் நம்பிறதில்ல.

அலைகரை (வெள்ளவத்தை), வெள்ளி இரவு 9.50

எல்லாருக்கும் நன்றி. என்ன செய்தன் எண்டு எழுதுறன், பிறகு வாறவைக்கும் உதவும். 5432 மூடியாச்சு, போஸ்ட்கிரெஸ் லொக் முழுக்கப் பாத்தன், வெளியால இருந்து தட்டியிருக்கிறாங்கள், ஆனா ஒருத்தரும் உள்ள வரேல்ல, பாஸ்வேர்ட் நீளமா வச்சது காப்பாத்தியிருக்கு, அதையும் மாத்திட்டன். கணக்குப் பகுதிக்குத் தனி யூசர், தனி கீ. எனக்கு லப்டொப்லயும் போன்லயும் கீ. பாஸ்வேர்ட் லொகின் நோ, அக்கா சொன்ன பெரிய டி போட்டுப் பாத்தன், என்ர இமேஜ்லயும் அந்தக் கிளவுட் இனிட் ஃபைல் இருந்தது, திருத்தினன். ஓல்போர்ட்ஸை எடுத்திட்டன். அண்ணை சொன்ன மாதிரி போன்ல இருந்து நானே இல்லாத யூசர் பேரில அஞ்சு தரம் அடிச்சன், ஆறாவதுக்கு ரிஃப்யூஸ்ட். அதைப் பாத்த உடன அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினன், அவவுக்கு ஒண்டும் விளங்கேல்ல, ஆனா சந்தோசப்பட்டா.

வயர்கார்ட் நாளைக்குப் போடுறன். ஞாயிறு கடை பூட்டு, அண்டைக்கு உபுண்டுவை ஏத்தலாம் எண்டு இருக்கிறன், 24.04க்கு நேரா போகலாமா?

மூண்டாம்மாடி (பம்பலப்பிட்டி), வெள்ளி இரவு 10.25

நேரா ஏலாது, 20.04ல இருந்து 22.04, பிறகு 24.04, ஒவ்வொரு படியா. கட்டாயம் செய்யுங்கோ, 20.04க்கு சாதாரண செக்யூரிட்டி அப்டேட் 2025 மே மாசத்தோட முடிஞ்சுது. தொடங்க முதல் விபிஎஸ் பனல்ல ஸ்னப்ஷொட் (முழுச் சேர்வரின்ர கொப்பி) எடுங்கோ, டேட்டாபேஸ் டம்ப்பை வேற இடத்துக்கு இறக்குங்கோ. எஸ்எஸ்எச்சால அப்கிரேட் ஓட்டேக்க அது 1022 எண்ட போர்ட்ல இன்னொரு எஸ்எஸ்எச்டி எழுப்பும், நடுவில கனெக்ஷன் அறுந்தா அந்த வழியால உள்ள போகலாம், ஆனா பயர்வோல்ல அதை அது தானா திறக்காது, நீங்கள்தான் திறக்கவேணும். உங்கட விபிஎன் ஐபிக்கு மட்டும் திறவுங்கோ, முடிஞ்ச உடன மூடுங்கோ.

24.04 வந்தாப் பிறகு எஸ்எஸ்எச் போர்ட் மாத்துறதா இருந்தா கொன்ஃபிக் ஃபைலை மாத்தி எஸ்எஸ்எச் சேர்விசை ரீஸ்டார்ட் பண்ணினா மட்டும் காணாது, அங்க சொக்கெட் எண்டு ஒண்டுதான் போர்ட்டைப் பிடிச்சு வச்சிருக்கும், டீமன் ரீலோட் பண்ணி அந்தச் சொக்கெட்டையும் ரீஸ்டார்ட் பண்ணவேணும்.

பழைய_சிசாட்மின் (தெஹிவளை), வெள்ளி இரவு 10.48

ஸ்னப்ஷொட்டை ரெண்டு படிக்கும் ரெண்டு தரம் எடுங்கோ தம்பி. ஓபன்எஸ்எஸ்எச் 9.8ல இருந்து, 2024 ஜூலையில வந்தது, பிழையா அடிக்கிற ஐபியை எஸ்எஸ்எச்டி தானே கொஞ்ச நேரம் தள்ளி வைக்கிற வசதி உள்ளுக்கே இருக்கு, பேர்சோர்ஸ் பெனல்டீஸ் எண்டு. ஆனா உபுண்டு 24.04ல இருக்கிறது 9.6, அதில இல்ல. அதால ஃபெயில்2பேனைக் கழட்டிப் போடாதீங்கோ. ஞாயிறு நான் வீட்டிலதான், 10 மணிக்குத் தொடங்குங்கோ, எங்கயாவது நிண்டா இங்கயே எழுதுங்கோ, பாத்துக்கொண்டிருக்கிறன்.

அலைகரை (வெள்ளவத்தை), வெள்ளி இரவு 10.53

சரி அண்ணை, சரி அக்கா. 1022, சொக்கெட், ரெண்டு ஸ்னப்ஷொட், கொப்பியில எழுதிட்டன். ஞாயிறு 10 மணிக்கு.